எடை குறைத்த வண்டி

உட்கார் அம்மிணி. சாவி என் இடுப்பில்தான் இருக்கு, எங்கேயும் போய்விடாது. விலையெல்லாம் நீயும் சலாவுதீன் பாயும் பேசி முடித்துவிட்டீர்கள் என்று அவர் போனில் சொன்னார். அதில் எனக்கு ஒன்றும் இல்லை. வண்டியைக் கொடுக்கிறதுக்கு முன்னால் உன்னால் எனக்கு ஒரு சின்னக் காரியம் ஆக வேண்டியிருக்கு. கால் மணி நேரம்கூடப் பிடிக்காது. ஆனால் அது என்ன என்று சொல்ல வேண்டுமென்றால் மற்றதையும் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டுக்காரர் ஐந்து மணிக்குத்தான் வருவார். வியாழக்கிழமையானால் மூன்று மணிக்கு முன்னால் வெளியே போய்விடுவார். எங்கே என்று நான் கேட்பதில்லை. கிளம்புகிறவர்களை எங்கே என்று கேட்கக் கூடாது இல்லையா.

உன் கழுத்தில் தொங்குகிறதே, பந்தயத்தில் நேரம் பார்க்கிற கடிகாரம்தானே அது? நல்லது. கழற்றாதே, இருக்கட்டும். நீ எத்தனை கிலோ இருப்பாய்? கோபித்துக்கொள்ளாதே, எடை கேட்பது இந்த வீட்டுப் பழக்கம். நாற்பத்தெட்டா? பார்த்தால் அவ்வளவு தெரியவில்லை. எங்கள் தாரணி நாற்பத்தாறு இருந்தாள்.

வண்டியைப் பார்த்துவிட்டாய். ஷெட் சுவரைப் பார்த்தாயா? பார்த்திருப்பாய். சாக்பீஸில் எழுதியிருக்கே, மேலிருந்து கீழே வரைக்கும். எல்லாம் அவர் கையெழுத்து. பின் சீட், பதினைந்து கிலோ இருநூறு. ஸ்டெப்னி டயர், பத்து எண்ணூறு. தரைக் கம்பளம், நான்கு கிலோ. ஏ.சி. சாமான்கள், இருபத்து மூன்று. கழற்றிய ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதினார். அவர் தராசு ரிப்பேர் செய்கிறவர். இந்தக் கோயமுத்தூரில் எந்த மில்லில் தராசு தகராறு செய்தாலும் இவரைத்தான் கூப்பிடுவார்கள். பட்டறையில் பேரே தராசு மாஸ்டர். இவர் எடைக்கல் வைத்துப் பார்த்த தராசை, முத்திரை போட வருகிற ஆபீசர் மறுபடியும் நிறுத்துப் பார்க்க மாட்டாராம். ஒரு கிராம் தப்பாது.

அதனால்தான் எனக்கு மனசு ஆற மாட்டேன் என்கிறது. சொல்கிறேன்.

அந்த வண்டி தாரணி காலேஜில் சேர்ந்த வருஷம் வாங்கினது. ஊரில் ரெண்டு வீட்டுக்கு ஒன்று நிற்குமே, அந்த வெள்ளை எண்ணூறு சி.சி. பெட்ரோல் குடிக்காது, சந்தில் திரும்பும், நாங்கள் மூன்று பேர், போதும். பின் சீட்டில் நானும் அவளும். அவர் முன்னால் தனியாக. "நான் என்ன உங்க ரெண்டு பேருக்கும் டிரைவரா?" என்பார். "சம்பளம் இல்லாத டிரைவர்ப்பா," என்பாள் இவள். அப்படித்தான் மருதமலை போனோம், அப்படித்தான் பல்லடம் கல்யாணத்துக்குப் போனோம், அப்படித்தான் மாசத்துக்கொரு தடவை ஆஸ்பத்திரிக்கும் போனோம். அவளுக்குச் சின்ன வயசிலிருந்து இழுப்பு. பனி பட்டால் இழுக்கும், பஞ்சு பட்டால் இழுக்கும், பரீட்சை என்றால் இழுக்கும். வீட்டில் மருந்துப் புகை பிடிக்கிற மெஷின் இருந்தது. அதை வைத்தால் அரை மணியில் அடங்கிவிடும்.

ஏழு வருஷம் ஆகிறது. ஒரு வியாழக்கிழமை. அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்கு லீவு. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவள் மூன்று மணிக்கு இழுத்துக்கொண்டே எழுந்தாள். கரண்ட் இல்லை. அந்த வருஷமெல்லாம் மத்தியானத்தில் கரண்ட் இருந்ததா, உனக்கு ஞாபகம் இருக்காது. மெஷின் ஓடாது. சரி, ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்று கிளம்பினோம். பதறவில்லை அம்மிணி. அதைச் சொல்ல வேண்டும். இருபத்து நாலு வயசில் இதுபோல நூறு தடவை பார்த்தாயிற்று. கதவைப் பூட்டி, வண்டியில் ஏறி, எதிர்வீட்டு ரங்கநாயகி ஏதோ கேட்டு, உள்ளே போய் ஒரு வாய் தண்ணி குடித்துவிட்டு வந்து, புறப்பட்டுப் போனோம். பதினேழு நிமிஷத்தில் ஆஸ்பத்திரி வாசல். அவர்கள் ஸ்ட்ரெச்சர் கொண்டுவந்தபோது என் மடியில் அவள் தலை ரொம்பக் கனமாக இருந்தது.

டாக்டர் நல்ல மனுஷர். வெளியே வந்து, முகக்கவசத்தைக் கழற்றி, "அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா எதாவது பண்ணியிருக்கலாம்மா" என்றார். அவர்கள் தினமும் சொல்கிற வார்த்தையாக இருக்கும். வேறு என்னதான் சொல்வார்கள். ஆனால் அஞ்சு என்றார். இவர் காதில் எண் விழுந்தால் விழுந்ததுதான்.

நானும் ஒன்று சொன்னேன். அந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது, வண்டியை இன்னும் கொஞ்சம் அழுத்தி ஓட்டியிருக்கலாமே என்றேன். அவ்வளவுதான். ஒரு தாய் அதுகூடச் சொல்லாமல் இருப்பாளா? அவர் பதில் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, அதற்கப்புறமும் சொல்லவில்லை.

ரெண்டு வருஷம் வண்டி தார்ப்பாய்க்குள் நின்றது. அப்புறம்தான் இந்த சலாவுதீன் பாய் வந்தார். அவருக்கு உக்கடத்தில் மெக்கானிக் ஷெட். பாலக்காட்டு ரோட்டில் ஒரு மைதானத்தில் பந்தயம், வண்டிகளை எடை பார்க்கிற தராசு மக்கர் செய்கிறது, மாஸ்டர் வந்தால்தான் ஆகும் என்று கூட்டிக்கொண்டு போனார். தராசைச் சரிபண்ணப் போனவர் பொழுது சாய்ந்துதான் வந்தார். சட்டையெல்லாம் செம்மண். ரெண்டு வருஷத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான் பசிக்கிறது என்று கேட்டுச் சாப்பிட்டார்.

"வேணி, அங்க வண்டிக்கு எதிரா வண்டி ஓடறதில்லை. ஒவ்வொண்ணா விடறாங்க. வளைஞ்சு வளைஞ்சு போகக் கூம்பு நட்டு வெச்சிருக்காங்க, அவ்வளவுதான். மத்தபடி கடிகாரம் மட்டும்தான் எதிரி."

என் பேர் அம்சவேணி. அவர் வேணி என்பார்.

"கூம்பைத் தட்டினா?"

"ரெண்டு செகண்ட் கூட்டிருவாங்க. தப்புப் பண்ணா தப்புக்கு இவ்வளவுன்னு கணக்கு இருக்கு அங்க."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

மறுநாள் தார்ப்பாயை உருவினார். முதலில் கழற்றியது பின் சீட்டை. வேறு எதையாவது முதலில் கழற்றியிருக்கலாம் இல்லையா? டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறது, முன்னால் பம்பர் இருக்கிறது. நான் உட்கார்ந்திருந்த இடம், அவள் படுத்திருந்த இடம், அதைத்தான் முதலில் நாலு போல்ட்டைக் கழற்றித் தூக்கிக்கொண்டு போய்த் தராசில் வைத்தார். ஷெட் வாசலில் நின்றுகொண்டு, "ஏனுங்க, என்னத்துக்குங்க இதெல்லாம்?" என்றேன்.

"எடை," என்றார்.

சீட்டுக்கு அடியில் ஒரு ஹேர்பின் கிடந்தது. கறுப்பு ஹேர்பின், அவளுடையது. அதை எடுத்து என் கையில் கொடுப்பார் என்று நினைத்தேன். சின்னத் தராசைக் கொண்டுவந்து அதையும் நிறுத்தார். சுவரைப் போய்ப் பார், ரெண்டாவது வரியில் இருக்கும். ஹேர்பின், ஒரு கிராம். எழுதி முடித்த பிறகுதான் என்னிடம் தந்தார். நான் வாங்கித் தலையில் குத்திக்கொண்டேன். வேறு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மூன்று வருஷம் அந்த வேலை நடந்தது. கதவுக்குள் ஒட்டின அட்டை, கூரைத் துணி, ரேடியோ, டிரைவருக்குப் பக்கத்து முன் சீட்டு. தரைத் தகரத்தில் சத்தம் கேட்காமலிருக்கத் தார் ஷீட் ஒட்டியிருப்பார்களாமே, அதைச் சூடு காட்டிச் சூடு காட்டிச் சுரண்டி எடுத்தார். ஒன்பது கிலோ வந்தது. நான் அதையெல்லாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. டேஷ்போர்டில் ஒட்டியிருந்த பிள்ளையாரைப் பெயர்த்தபோது மட்டும் கத்தினேன். நாற்பது கிராம் இருக்குமா அந்தப் பிள்ளையார்? "முப்பத்தெட்டு," என்றார், பூஜை அலமாரியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டே.

சலாவுதீன் பாய்க்கு வாய் சும்மா இருக்காது. "மாஸ்டர், இன்னும் ரெண்டு மாசம் உங்ககிட்ட இருந்துச்சுன்னா ஸ்டீரிங்கை மட்டும் கையில புடிச்சுக்கிட்டு நாமளே ஓடிரலாம் போல," என்பார். "பெட்ரோல் மிச்சம், பாய்," என்பார் இவர். சிரிப்பார்கள். நான் டீ கொண்டுபோய் வைத்துவிட்டு வருவேன். என் வீட்டில் சிரிப்புச் சத்தம் ஷெட்டிலிருந்துதான் வந்தது அந்த நாளில்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டுக் கடைசியில் கூண்டு வைத்தார்கள் பார், இரும்புக் குழாயில், அது இருபத்தெட்டு கிலோ! கழற்றுவதெல்லாம் கழற்றிவிட்டு இதை ஏன் ஏற்றுகிறீர்கள் என்று கேட்டேன். பாய் சொன்னார், "வண்டி குட்டிக்கரணம் போட்டா உள்ள இருக்கிற ஆள் பொழைக்கணும்ல, அக்கா. ரூல்ஸ்." உள்ளே இருக்கிற ஆள் என்றால் ஓட்டுகிறவர். வேறு யாருக்கும் அதில் இடம் இல்லை. நீயும் பார்த்தாயே. ஒரே சீட்டு, நாலு வார் போட்டுக் கட்டிக்கொள்கிற சீட்டு. நான் அதைத்தான் சொன்னேன். "நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா இதுல எங்க படுக்க வெப்பீங்க?" என்றேன். அவர் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் புரியவில்லை. புரியவில்லை என்றே வைத்துக்கொள்.

ஸ்பிரிங்கை மாற்றினார்கள். டயரை மாற்றினார்கள். சைலன்சரைப் பாதியில் வெட்டினார்கள். அதெல்லாம் உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் ஒரு நாள் எஞ்சினுக்குக் காற்று போகிற பெட்டியை எடுத்துவிட்டு, கூம்பு மாதிரி ஒரு ஃபில்டரை மாட்டினார்கள். மாட்டி, ஸ்டார்ட் செய்தார்கள். நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். கத்தியைப் போட்டுவிட்டு ஓடினேன். கூடத்தைத் தாண்டி, அவள் அறைக்கு. வெறும் அறை. கட்டிலில் இஸ்திரிக்குப் போக வேண்டிய துணி. சத்தம் ஷெட்டிலிருந்து வந்தது.

அந்த வண்டி இழுத்தது அம்மிணி. ஒவ்வொரு தடவை ஆக்ஸிலேட்டரை மிதிக்கிறபோதும், மூச்சுக் கிடைக்காமல் இழுத்தது. அப்படியே அவள் சத்தம். முதலில் விசில் மாதிரி, அப்புறம் அடியில் ஒரு கரகரப்பு.

ஷெட்டில் பாய் இல்லை, கிளம்பிவிட்டிருந்தார். இவர் மட்டும் பானெட்டைத் திறந்துவைத்துக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கார்புரேட்டரில் ஒரு திருகாணியைக் கால் சுற்றுத் திருப்புவார், கேட்பார். இன்னும் கால் சுற்று. கேட்பார். ஒரு மணி நேரம் அப்படியே. கடைசியில் அந்தக் கரகரப்பு நின்று மூச்சு நீளமாகப் போக ஆரம்பித்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்து, "இப்போ நல்லாப் போகுது பாரு," என்றார். நெற்றியெல்லாம் வியர்வை. நான் உள்ளே வந்து அடுப்பை அணைத்தேன். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் தினமும் சாயந்திரம் அந்தச் சத்தம் கேட்கும். பத்து நிமிஷம் இழுக்கும், அப்புறம் அடங்கும். எதிர்வீட்டு ரங்கநாயகி ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். அவளுக்கும் தெரியும்.

பந்தயத்துக்கு ஒரே ஒரு தடவை போனேன். மைதானம் முழுக்கச் செம்மண் புழுதி. கலர் கலராகப் படம் ஒட்டின வண்டிகள். எல்லாம் உன் வயசுப் பிள்ளைகள். இவர் ஒருவர்தான் அறுபத்து மூன்று. ஒருத்தன் வந்து, "தாத்தா, வண்டி யாரு ஓட்டறா?" என்று கேட்டான். "வண்டிதான் ஓட்டும், நான் சும்மா உள்ள உட்காருவேன்," என்றார். சிரித்துவிட்டுப் போனான்.

இவர் முறை வந்தது. ஹெல்மெட் போட்டு, வாரைப் பூட்டி, கோட்டில் வண்டி நிற்கிறது. அந்தப் புழுதியில் எனக்குப் பின்னால் யாரோ தும்மினார்கள். ஒற்றைத் தும்மல். புறப்படுகிற நேரத்தில் ஒற்றைத் தும்மல் ஆகாதே. கையில் தண்ணீர் பாட்டில் இருந்தது. கயிற்றைத் தூக்கிவிட்டு ஓடினேன். கொடி பிடிக்கிறவன், "அம்மா, அம்மா, வரக் கூடாது," என்று கத்துகிறான். நான் ஜன்னலில் பாட்டிலை நீட்டி, "ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க," என்றேன். ஹெல்மெட்டுக்குள் அவர் கண் மட்டும் தெரிந்தது.

"வேணி, அதைக் கீழ ஊத்திரு."

"ஒரு வாய்தானுங்க."

"கீழ ஊத்திருன்னு சொன்னேன்."

முப்பத்தைந்து வருஷத்தில் அந்தக் குரலில் அவர் என்னிடம் பேசினதே இல்லை. ஊற்றினேன். அந்த மண் உறிஞ்சிக்கொண்டது. வண்டி போய்விட்டது. ஒரு நிமிஷம் பதினான்கு செகண்ட். ஒரு கூம்பும் விழவில்லை. முப்பது பேரில் ஏழாவது. பாய் என் கையைப் பிடித்துக்கொண்டு குதிக்கிறார், "அக்கா, ஏழாவது அக்கா!" என்று. எனக்கு அந்த ஈரமண்தான் கண்ணில் நின்றது. குறை சொல்கிறதும் கோபித்துக்கொள்கிறதும் வீட்டில் செய்தால் போதாதா? அத்தனை பேர் முன்னால் அப்படிச் சொல்லலாமா, நீயே சொல்.

ஆனால் அவர் வண்டியைச் செய்தது அந்த மைதானத்துக்காக இல்லை. அது எனக்கு அடுத்த வியாழக்கிழமைதான் தெரிந்தது.

மத்தியானம் ரெண்டரைக்குப் பட்டறையிலிருந்து ஒரு தள்ளுவண்டியில் எடைக்கற்கள் வந்தன. இருபது கிலோ, பத்து கிலோ, ரெண்டு கிலோ, இரும்புக் கற்கள். வண்டியின் பின்னால், சீட்டு இருந்த இடத்தில் வெறும் தகரத்தில் சாக்கை விரித்து ஒவ்வொன்றாக அடுக்கினார். ஒரு பக்கம் நாற்பத்தாறு. இன்னொரு பக்கம் ஐம்பத்தெட்டு. அடுக்கி, கயிறு போட்டுக் கட்டினார். நாற்பத்தாறு யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஐம்பத்தெட்டு?

"நீ," என்றார். "அன்னைக்கு உன் எடை."

"நான்தான் இங்க உசுரோட நிக்கறேனே. என்னைக் கூட்டிட்டுப் போங்களேன்."

"நீ வேண்டாம்."

என் இடத்தில் இரும்பை வைத்துக்கொண்டு போனார் அம்மிணி. அதுதான் எனக்குப் பெரிய குறை. இருக்கிற பெண்டாட்டியை வாசலில் நிறுத்திவிட்டு, அவளுக்குப் பதில் கல்லை வைத்துக்கொண்டு போகிறவர் உண்டா? மூன்று மணிக்குக் கிளம்பினார். அதே கிழமை, அதே நேரம், அதே ரோடு, அதே எடை. வண்டி மட்டும் வேறு. தொண்ணூறு கிலோ குறைந்த வண்டி, மைதானத்தில் ஏழாவதாக வந்த வண்டி.

நாலு மணிக்கு வந்தார். கல்லையெல்லாம் இறக்கினார். சாக்பீஸை எடுத்துச் சுவரில் கீழே எழுதினார். அன்று, பதினேழு நிமிஷம். இன்று, பதினைந்து நிமிஷம்.

ரெண்டு நிமிஷம்தான். மூன்று வருஷ வேலைக்கு ரெண்டு நிமிஷம். சிக்னல் எடை குறையுமா? டவுன் பஸ் வழி விடுமா? ஐந்து வேண்டும் என்றார் டாக்டர், கிடைத்தது ரெண்டு. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம், சொல்லக் கூடாது, ஆனால் வந்தது. "பாத்தீங்களா, வண்டி மேலயும் தப்பில்லை, உங்க மேலயும் தப்பில்லை," என்றேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவருக்கு நான் விட்டுக்கொடுத்தேன். அந்த வராந்தாவில் சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொண்டேன். அவர் சந்தோஷப்பட வேண்டாமா?

நான் உள்ளே போய்க் காபி போட்டு எடுத்துக்கொண்டு வந்தேன். அவர் சுவரில் இன்னும் ஒரு வரி எழுதிவிட்டு, உள்ளங்கையால் அதை அழித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையை எடுத்துக்கொண்டார். "வண்டியை வித்துரலாம்," என்றார். காபியைக் குடித்தார். அவ்வளவுதான்.

சரியாக அழியவில்லை. நீயே போய்ப் பார்க்கலாம், கடைசி வரி. அந்தப் பதினேழையும் பதினைந்தையும் விட்டால் மற்றதெல்லாம் கிலோவில் இருக்கும், வண்டியிலிருந்து எடுத்தது. இது நிமிஷத்தில் இருக்கும். "தண்ணீர், ஆறு நிமிஷம்."

ஆறு!

அந்த ரங்கநாயகிதான். மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவள், வண்டிக்குள் யார் எப்படி இருக்கிறார்கள் என்று அவளுக்கு எப்படித் தெரியும், "ஏனக்கா, எங்க கிளம்பிட்டீங்க மூணு பேரும்?" என்று கூப்பிட்டுக் கேட்டாள். புறப்படும்போது அப்படிக் கேட்டால் இறங்கி உள்ளே போய், உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்ப வேண்டும். நான் பி.எஸ்ஸி. படித்தவள். இதையெல்லாம் நம்புகிறேனா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் பயத்தில் கை தனக்குத் தெரிந்ததைத்தான் செய்கிறது. அவளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதானே செய்தேன்? இறங்கினோம். குடித்தோம். ஏறினோம். இதற்கு ஆறு நிமிஷமா?

மூன்று இருக்கும். மூன்றுதான் இருக்கும். மூன்று என்றால் போதாது பார், ஐந்து வேண்டும். மூன்று என்றால் யார் மேலும் தப்பு இல்லை. ஒரு கிராம் தப்பாத மனுஷர் எப்படி ஆறு என்று எழுதலாம்? அன்றைக்கு அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டா இருந்தார்?

பார்த்தார்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்துகொண்டு கடிகாரத்தைப் பார்த்தார்.

பூட்டைத் திறக்க வேண்டியிருந்தது, சரி. அந்தக் கிரில் பூட்டு கொஞ்சம் அடம்பிடிக்கும். தாரணியைத் தோளில் சாய்த்துக் கூட்டி வந்து இதோ, நீ உட்கார்ந்திருக்கிறாயே, இதே சோபாவில்தான் உட்கார வைத்தேன். ஃபில்டர் குழாயில் தண்ணீர் நூல் மாதிரிதான் வரும், மூன்று டம்ளர் பிடிக்க வேண்டும். நான் குடித்தேன். அவர் ஒரே மூச்சில் குடித்துவிட்டார். அவளால் விழுங்க முடியவில்லை. மோவாயில் வழிந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு வாயாவது உள்ளே போகட்டும் என்று பிடித்துக்கொண்டிருந்தேன். போலாம்மா என்றாள். மூச்சுக்கு நடுவில், போலாம்மா. இதோ கண்ணு, இதோ ஆச்சு என்றேன். திருநீறு எடுத்து வந்து நெற்றியில் வைத்தேன். அப்புறம் பூட்டினேன். பூட்டை ரெண்டு தடவை இழுத்துப் பார்ப்பது என் வழக்கம்.

அவ்வளவுதான். இதைச் சொல்லவே இவ்வளவு நேரம் ஆகிறது, செய்ய எவ்வளவு நேரம் ஆகும்?

நானே பார்த்தேன், தனியாக. பார்க்காமல் இருப்பேனா? சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால் கை அவசரப்படுகிறது. பார்க்காமல் இருந்தால் எப்போது ஆரம்பித்தேன் என்பது மறந்துவிடுகிறது. அவரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால் அந்த வரியை நான் படித்துவிட்டேன் என்று தெரிந்துவிடும். அழித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். இருக்கட்டும்.

அதனால்தான் உன்னை மூன்று மணிக்கு வரச் சொன்னேன். இதுதான் அம்மிணி அந்தக் காரியம். அந்தக் கடிகாரத்தைக் கையில் எடுத்துக்கொள். நான் வெளியே போய்ப் பூட்டிவிட்டு நிற்கிறேன். நீ ஜன்னல் வழியாகப் பார். பூட்டில் சாவி போட்டதும் அமுக்கு. திரும்பப் பூட்டி, ரெண்டு தடவை இழுத்துப் பார்த்ததும் நிறுத்து. நடுவில் பேசாதே. நீ அந்தச் சோபாவிலேயே இருந்தால் போதும், உனக்கும் ஒரு டம்ளர் தருவேன், மெதுவாகக் குடிக்க வேண்டும். முடியாத மாதிரி குடி.

வருகிறேன்.

*

நிறுத்து! நிறுத்திவிட்டாயா?

எவ்வளவு?

சொல்லேன், ஏன் முகத்தைப் பார்க்கிறாய்? என்னிடம் காட்டு. கண்ணாடி உள்ளே இருக்கு, எழுத்து தெரியவில்லை. நீயே சொல். பயப்படாமல் சொல்.

ஆறுக்கு மேலா?

ஆறுக்கு மேல் எவ்வளவு?

ம்.

சரி. அப்போது எனக்கு முட்டி வலி கிடையாது, தெரியுமா. விறுவிறு என்று நடப்பேன். அதைக் கழிக்க வேண்டும். ஃபில்டரும் இப்போது அடைத்துக்கொண்டிருக்கு, கழுவவே இல்லை. அதையும் கழிக்க வேண்டும். அன்றைக்கு டம்ளரும் இவ்வளவு பெரிசு இல்லை, பாதிதான் இருக்கும். மணி நாலேகால்தானே ஆகிறது? சாவி தருகிறேன், எங்கேயும் போய்விடாது.

உட்கார் அம்மிணி, எழுந்திருக்காதே. கடிகாரத்தை மறுபடி சைபருக்குக் கொண்டுவா. இன்னும் ஒரு தடவை பார்த்துவிடலாம். இந்தத் தடவை நான் வேகமாகக் குடிக்கிறேன்.